மார்பில் கூடிய இரண்டு அங்குலம்

அந்தச் சட்டை அவள் தைத்ததல்ல. கொடியில் காய்ந்த நான்கு சட்டைகளில் மூன்றாவதைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரி அதை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பக்கத் தையலில் கட்டைவிரலை ஓட்டினாள். அவள் தைத்தால் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுவாள். ஒரு பிசிறு வெளியே எட்டிப் பார்க்காது. இதில் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடனே என்று ஒரு ஓட்டு ஓட்டியிருந்தது. அக்குளில் தையல் கோணிக்கொண்டு போனது. எல்லாவற்றையும்விட, இடது பக்கம் ஒரு பை போதும் என்று பஸ் கம்பெனி சட்டம் வைத்திருக்க, இதில் இரண்டு பக்கமும் பை. இரண்டுக்கும் மூடி, மூடிக்குப் பொத்தான்.

"அடப்பாவி மனுஷா" என்று வாய்விட்டே சொன்னாள்.

முப்பத்தொரு வருஷமாக அந்த மனிதர் உடம்பில் அவள் தைக்காத சட்டை ஏறியதில்லை. முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டு, வாசலில் போர்டு என்று வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குத் தைக்கிறவள் அவள். அவளைக் கட்டியவர் வெளியே போய்ச் சட்டை தைத்துக்கொண்டு வருகிறார் என்றால் அது என்ன அர்த்தம்? சமையல்காரியின் புருஷன் ஓட்டலில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரிதானே? அதைக்கூட மன்னிக்கலாம், நாக்கு அப்படி. சட்டைக்கு என்ன கேடு வந்தது? அந்த இரண்டாவது பை எதற்கு? எதை வைக்க?

சந்தேகம் இன்று வந்ததல்ல. ஒரு வருஷமாகவே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் முடி. அவருடைய உச்சந்தலை பதினைந்து வருஷமாக வெயில் பட்டால் மின்னும். அவளே கேலி பண்ணுவாள். அதில் திடீரென்று பூனைமயிர் மாதிரி ஏதோ அரும்பியது. பிறகு அது கறுத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் பையில் சீப்பு ஒன்று புதிதாக வந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆணுக்கு முடி முளைக்கிறது, அவன் சீப்பு வாங்குகிறான் என்றால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கூட இருக்கிறவளுக்குச் சிரிப்பா வரும்? அடுத்தது கட்டில். எட்டு மாதமாக அவர் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார். அவள் கை தெரியாமல் மேலே பட்டால்கூடத் தீப்பட்டது போல விலகுகிறார். அடுத்தது வேலைப் பை. பாத்ரூமுக்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஆளை அவள் தன் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறாள்.

அளவு நோட்டில் அவருக்கென்று தனிப் பக்கம் உண்டு. கழுத்து, தோள், மார்பு, இடுப்பு. கல்யாணத்தின்போது மார்பு முப்பத்தாறு. நாற்பது வயதில் முப்பத்தெட்டு. அதற்கப்புறம் இடுப்பு மட்டும் மெல்ல மெல்லப் பெருத்தது, மார்பு அசையவில்லை. வருஷப் பிறப்புக்கு அப்புறம் இரண்டு சட்டை தைக்கிற வழக்கம். இந்த வருஷம் டேப்பை எடுத்துக்கொண்டு போனபோது, "பழைய சட்டையையே அளவா வச்சுக்கோயேன், என் உடம்பு என்ன வளரவா போகுது?" என்று நழுவிவிட்டார். விடாமல் பின்னாலிருந்து டேப்பை மார்பில் போட்டாள். "ஸ்ஸ்" என்று துள்ளி விலகினார். வேலை இருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

இத்தனைக்கும் அவர் பார்க்கிற வேலை என்ன? டிக்கெட் செக்கர். திருட்டு முழி முழிக்கிறவனைப் பிடிக்கிறதுதான் அவருக்குப் பிழைப்பு. "டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியிலேயே தெரியும். நான் கேக்குறதுக்கு முன்னாடியே ஒரு சாக்கை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்" என்று முப்பது வருஷமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். பாடத்தை அவள் நன்றாகவே படித்துவிட்டாள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு தெரு தள்ளிப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு ஒருவன் தைக்கிறான். நேராக ஒரு துணி வெட்டத் தெரியாது என்பதால் அவள் அவனுக்கு வைத்த பெயர் கோணக்கத்திரி. அவளைக் கண்டதும் அவன் கால் மிதியிலிருந்து தானாக இறங்கியது.

"வாங்கக்கா. என்ன, இவ்வளவு தூரம்?"

சட்டையை அவன் முன்னால் போட்டாள். "இது உன் வேலைதானே?"

"எதுங்கக்கா? இதா? தெரியலையே..."

"யாருக்குக் காது குத்துற? அக்குளைப் பார்த்தாலே உன் கை தெரியுது. எப்ப வந்தாரு? யாரோட வந்தாரு?"

"தனியாத்தாங்க்கா வந்தாரு. அக்காகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் என்னக்கா பண்ணட்டும், பெரியவரு."

"அளவுச் சீட்டைக் காட்டு."

ஒரு தையல்காரனிடம் இன்னொருவர் அளவைக் கேட்பது தப்பு. அவளுக்கே அது தெரியும். யாராவது அவளிடம் வந்து கேட்டிருந்தால் கத்திரியைக் காட்டித் துரத்தியிருப்பாள். அவனும் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பார்த்தான். அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளுக்குள் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் அவள் நோட்டில் இருப்பதுதான். மார்பு மட்டும் நாற்பது.

"நாப்பதா? சரியாப் புடிச்சியா?"

"சத்தியமாக்கா. இறுக்காதே, வலிக்குதுன்னாரு. லூசாத்தான் புடிச்சேன். அப்புறம் ரெண்டு பக்கமும் பை வேணும், உள்ள கனமாத் துணி குடு, முன்னாடி எடுப்பாத் தெரியக் கூடாதுன்னாரு. எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. கேக்க முடியல."

திரும்பி நடக்கும்போது அவளுக்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை. இன்னொருத்தியைத் தேடிப் போகிறவன் தொப்பையை எக்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்வான். நெஞ்சை மறைக்கச் சொல்வானா? முடியும் சீப்பும் ஒரு பக்கம் இழுத்தன, சட்டை வேறு பக்கம் இழுத்தது. அவர் வந்ததும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"புதுச் சட்டை நல்லாருக்கே. எங்க தைச்சீங்க?"

"அதுவா? டெப்போவுல எல்லாருக்கும் மொத்தமாக் குடுத்தாங்க" என்றார். சாக்கு ஏற்கெனவே வாயில் தயாராக இருந்தது. அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை அவர் பையோடு குளிக்கக் கிளம்பிய நேரத்தில் டெப்போவிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குள் பேசினால் பாதிதான் கேட்கும். பையைக் கட்டிலில் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார். செருப்புச் சத்தம் மேலே போய்ச் சேரும்வரைகூட அவள் பொறுக்கவில்லை. அபராத ரசீதுப் புத்தகம், சீப்பு, தண்ணீர் பாட்டில், அடியில் ஒரு வைட்டமின் டப்பா. குலுக்கினால் மாத்திரைச் சத்தம் வரவில்லை. திறந்தால் உள்ளே சுருட்டி வைத்த இரண்டு பட்டைகள். ஒன்றில் பத்து சின்ன மாத்திரை, மூன்று காலி. இன்னொன்றில் நான்கே நான்கு, இரண்டு காலி. எழுதிக்கொள்ளக் கையில் பேப்பர் இல்லை. மெஷின் மேல் கிடந்த கறுப்பு லைனிங் துண்டை எடுத்து, தையல் சாக்பீஸால் இரண்டு பெயரையும் பக்கத்திலிருந்த எண்ணையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். அவர் இறங்கி வந்தபோது அவள் மெஷினில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் ட்ரவுசரை ஓட்டிக்கொண்டிருந்தாள். நூல் கோக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரப் பெண் அவளிடம்தான் துணி தைக்கக் கொடுப்பாள். கூட்டம் குறையும்வரை தையல்காரி ஓரமாக நின்று, பிறகு துணியை நீட்டினாள்.

"என்னக்கா, கரும்பலகையையே கழட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தவள், படித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். குரலும் இறங்கியது. "இது யாருக்கு?"

"யாருக்கா இருந்தா என்ன? எதுக்குன்னு சொல்லு."

"கீழ எழுதியிருக்கிறது... ஆம்பளைங்களுக்கு முடியாமப் போறப்ப போடுறது அக்கா. ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணு போட்டா..."

தையல்காரிக்குக் காது இரண்டும் சூடாகியது. நான்கில் இரண்டு காலி. எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுக்கிற மனிதர், இரண்டு மாத்திரையை எங்கே போட்டார், யாருக்காகப் போட்டார்? கடைக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. ஐம்பத்து நான்கு வயது முகம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மேல இருக்கிறது?"

"அதுதான் யோசிக்கிறேன். இதைச் சின்ன அளவுல குடுத்தா தலைமுடிக்கு. இது அஞ்சு மில்லிகிராம். புராஸ்டேட் வீங்கினாக் குடுக்குறது. அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, போயும் தீராம இருக்கிறது, அதுக்கு. ஆம்பளை ஹார்மோன் ஒண்ணு உடம்புல இன்னும் வீரியமான ஒண்ணா மாறும். அந்த மாறுற வேலையை இது தடுத்துடும். சுரப்பி சுருங்கும், முடி முளைக்கும். ஆனா சில பேருக்கு ஆசை போயிடும். சில பேருக்கு மார்பு வீங்கி, தொட்டா வலிக்கும்."

முடி, மார்பு, வலி, சுவர் எல்லாம் ஒரே பட்டையில் இருந்தது. ஆனால் இரண்டாவது பட்டையின் இரண்டு காலிக் குழிகள் அதில் அடங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். அண்ணனுக்கு ரத்தம் ஏதாவது எடுத்தாங்களா, இப்ப சமீபத்துல?"

"கம்பெனியில எடுத்தாங்க. எல்லாம் நார்மல்."

"புராஸ்டேட்டுக்கும் எடுத்தாங்களா? ஏன்னா, இந்த மாத்திரையை மாசக்கணக்காப் போட்டா அந்த நம்பர் பாதியாத்தான் காட்டும். டாக்டர் அதை ரெட்டிப்பாக்கிப் பார்க்கணும். போடுறதைச் சொல்லலைன்னா டாக்டருக்கு எப்படித் தெரியும்? உள்ள கட்டி கிட்டி இருந்தாக்கூட, ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடுவாங்க."

ரத்தப் பரிசோதனைக் காகிதம் வீட்டில் ஃபிரிஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டியிருக்கிறது. புராஸ்டேட் என்று போட்டு எதிரே மூன்று புள்ளி நான்கு. பக்கத்தில் நான்கு வரை இயல்பு. "எஞ்சின் புதுசு மாதிரி இருக்குதாம்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் சொன்னார். இனி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. அடுத்த பரிசோதனை அடுத்த வருஷம்தான். கையெழுத்து வியாழக்கிழமை.

இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளில் அவள் எத்தனை வாசலைத் திறந்து வைத்தாள்! "டாக்டர்னு போனா எதையும் மறைக்கக் கூடாது, என்ன சொல்றீங்க?" என்றாள். "மறைக்க என்ன இருக்கு?" என்றார். "அடிக்கடி பாத்ரூம் போறீங்களே, அதைச் சொல்லுங்க" என்றாள். "தண்ணி நிறையக் குடிக்கிறேன், போறேன்" என்றார். நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால் முதல் மாத்திரையோடு நிற்காது. இரண்டாவதும் வாயில் வந்து விழும், யார் அவள் என்று கேட்டுவிடுவாள், அவர் கதவை அறைந்துகொண்டு போவார், வியாழக்கிழமை தனியாகப் போய்க் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கோபம் கேள் என்றது, பயம் வேண்டாம் என்றது. அந்த ஆள் ஏமாற்றுகிறவராகவே இருக்கட்டும், சாகவா விட முடியும்? இரண்டையும் சேர்த்து நினைக்க முடியாமல் ட்ரவுசர் ட்ரவுசராகத் தைத்துத் தள்ளினாள்.

"நானும் வரேன்" என்றாள் வியாழக்கிழமை.

"ஒரு கையெழுத்துக்கு ரெண்டு பேரா?"

"எனக்கும் முட்டி வலி. கேக்கணும்."

டாக்டர் அவர்களுக்கு மகள் வயதுப் பெண். சின்ன அறை. ஒரு மேஜை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், சுவரில் மருந்துக் கம்பெனிக் காலண்டர். செக்கர் அந்த இரண்டு பைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியைப் படிய வாரிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் காகிதங்களைப் புரட்டினாள்.

"நல்லா இருக்கீங்களே சார். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. புராஸ்டேட் மூணு புள்ளி நாலு, ஓகே. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?"

"ஒண்ணு. எப்பவாவது ரெண்டு."

நான்கு, என்று தையல்காரி மனதுக்குள் சொன்னாள்.

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?"

"வைட்டமின் மட்டும்தாங்க."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை மனிதர். பஸ்ஸில் இவரை ஏற்றியிருந்தால் எந்தச் செக்கராலும் பிடித்திருக்க முடியாது. டாக்டர் பேனா மூடியைக் கழற்றினாள். தாளின் அடியில் ஒரு கோடு, கோட்டின் மேல் காலி இடம். பேனா அங்கே போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, அதுல கையெழுத்துப் போடாதீங்க."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கைப்பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். "இவரு இதைச் சாப்பிடுறாரு. எவ்வளவு நாளான்னு எனக்குத் தெரியாது. மார்புல ரெண்டு அங்குலம் கூடியிருக்கு. இடுப்புல கூடல. நான் தையல் தைக்கிறவ, எனக்குத் தெரியும்."

துணியில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு தேய்ப்பு. காலையில் கிளம்புவதற்கு முன்னால், முந்தின இரவெல்லாம் யோசித்து, இரண்டாவது பெயரை அவளே கட்டைவிரலால் அழித்திருந்தாள். உயிருக்கு வேண்டியது மேலே இருந்தது. கீழே இருந்தது அவளுக்கும் அவருக்கும் நடுவில் தீர வேண்டியது. மகள் வயதுப் பெண் முன்னால் அந்த மனிதரை எத்தனை தடவைதான் உரிப்பது? செக்கர் அந்தப் பெயரைப் பார்த்தார், பிறகு தேய்ப்பைப் பார்த்தார், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் காதுமடல்வரை சிவந்துபோயிற்று.

"எவ்வளவு நாளா சார்?" டாக்டரின் குரலில் கோபமில்லை.

"ஒரு வருஷம் இருக்கும்."

"யார் எழுதிக் குடுத்தது?"

"எங்க டிரைவர் ஒருத்தரு. அவருக்கு டாக்டர் எழுதினது. எனக்கும் அதே தொந்தரவு. பஸ்ஸுல போறப்ப எந்த ஸ்டாப்புல எறங்குறது, எங்க போறது? ஒருநாள் பேண்ட்லயே... அவரு சீட்டைக் குடுத்தாரு. அதைக் காட்டித்தான் மாசாமாசம் வாங்குறேன். எனக்கும் நல்லாக் கேட்டுச்சு. டாக்டருன்னு போனா எங்கெங்கயோ கையை விட்டுப் பார்ப்பாங்கன்னு..."

அடப்பாவமே, என்று இருந்தது அவளுக்கு. ஊரார் டிக்கெட்டில் பயணம் செய்கிறவனை வாழ்நாள் முழுக்கப் பிடித்தவர், இன்னொருத்தன் சீட்டில் ஒரு வருஷம் மருந்து தின்றிருக்கிறார். அந்தப் பேண்ட்டை எங்கே துவைத்தார்? அவள் கண்ணில் படவே இல்லையே. டாக்டர் மூன்று புள்ளி நான்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் ஆறு புள்ளி எட்டு என்று எழுதி, வட்டம் போட்டாள்.

"இதுதான் உங்க நிஜ நம்பர்னு வச்சுக்கணும்."

"அப்படின்னா அதுவா டாக்டர்?" என்றாள் தையல்காரி. அதன் பெயரை அவளால் சொல்ல முடியவில்லை.

"அதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. அது இல்லைன்னும் சொல்ல முடியாது. ஸ்கேன் பார்க்கணும், தேவைப்பட்டா சதை எடுத்துப் பார்க்கணும். இன்னைக்காவது தெரிஞ்சுதே." பிறகு அவரிடம், "சார், திரைக்குப் பின்னாடி வாங்க. சட்டையைக் கழட்டுங்க."

திரைக்கு இந்தப் பக்கம் அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்க வலிக்குதா?" "ம்." "ரெண்டு பக்கமுமா?" "ம்." "எத்தனை மாசமா?" அதற்குப் பதில் அவள் காதில் விழவில்லை. "இப்ப அந்தப் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கிப் படுங்க. மூச்சை விடுங்க. ரெண்டு நிமிஷம்தான்." கட்டிலின் இரும்பு கிறீச்சிட்டது. இரண்டு நிமிஷத்தில் அவள் அந்தக் காலண்டரில் எல்லாத் தேதியையும் படித்து முடித்தாள்.

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்றார்கள். ஒரு வருஷமாக அடக்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்தவரிடம் போய் அதைச் சொன்னார்கள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் மெஷினிலிருந்து அவள் பிடித்துப் பிடித்துக் கொடுத்தாள், அவர் மாத்திரை விழுங்குகிற முகத்தோடு குடித்தார். மூன்றாவது டம்ளரைப் பாதியில் நிறுத்தினார்.

"மானத்தை வாங்கிட்டே" என்றார் கடைசியில்.

"ஆமா. வாங்கிட்டேன். உசிரோட இருந்தாத்தானே மானம் கீனம் எல்லாம். குடிங்க."

குடித்தார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். இந்த நாற்காலியில் கேட்காவிட்டால் இனி எந்த நாற்காலியிலும் கேட்க மாட்டோம் என்று தோன்றியது.

"அந்தப் பட்டையில நாலுல ரெண்டு இல்ல."

"எந்தப் பட்டை?"

"நான் அழிச்சது."

அவர் தரையைப் பார்த்தார். எதிரே ஒரு அம்மாள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். அவளைத் தவிர யாருமில்லை.

"ஒண்ணு, ஸ்கூல் திறக்கிற வாரம். போட்டுக்கிட்டு உன் பின்னாடி வந்து நின்னேன். நூத்தி இருபது ட்ரவுசர் கிடக்கு, போய்ப் படுங்கன்னே. போய்ப் படுத்தேன். இன்னொண்ணு ரெண்டு வாரம் கழிச்சு. போட்டும் ஒண்ணும் ஆகல. உன்னை எழுப்பவே இல்ல."

"நிஜமா?"

"நிஜம்."

அவள் நினைத்துப் பார்த்தாள். நூற்றிருபது ட்ரவுசர் உண்மை. போய்ப் படுங்கள் என்று சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், அந்த வாரம் அவள் எல்லாரிடமும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அது அவருக்கும் தெரியுமே! முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் சாக்குக் கேட்டிருப்பார். எது எடுபடும், எது எடுபடாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பாதி உண்மையைக் கலந்து, கேட்கிறவள் மேலேயே கொஞ்சம் பழியைத் தடவி, கச்சிதமாக ஒரு சாக்கு. அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதில் பொய்யும் தெரியவில்லை, மெய்யும் தெரியவில்லை. ஒண்ணுக்கு முட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனிதனின் முகம் மட்டும்தான் இருந்தது.

"சரி, அதை விடுங்க. எட்டு மாசம். ஒரு நாளாவது என் பக்கம் திரும்பிப் படுத்தீங்களா? நான் என்னன்னு நினைச்சிருப்பேன்? பைத்தியம் புடிக்கலையே எனக்கு!" குரல் உடைந்துவிட்டது. தூங்கிய அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு நாசூக்காக மறுபடி மூடிக்கொண்டாள்.

"திரும்பினா உன் கை படும்" என்றார். "பட்டா தெரிஞ்சிடும். பொம்பளைக்கு மாதிரி ஆகிப்போச்சு எனக்கு. உன்கிட்ட அதை எப்படிக் காட்டுறது?"

அவள் எழுந்து போனாள். இன்னொரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார், நிமிர முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக நடந்தார். "கூட வந்தவங்க வேணும்னா உள்ள வரலாம்" என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். வேண்டாம் என்று சொல்வார் என்று தையல்காரி நினைத்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தாமல் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

உள்ளே ஏசி குளிர். அவரைப் படுக்க வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சட்டையைத் தூக்கச் சொன்னாள் அந்தப் பெண். அவர் தொப்புள்வரை தூக்கினார். இன்னொரு கை மார்பின்மேல் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. "நெஞ்சையும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்காங்க சார். கையை எடுங்க." அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண் களிம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. பிறகு அவரே மெல்ல மெல்லக் கையை எடுத்து, எடுத்த கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு மாதத்துக்கப்புறம் தையல்காரி அவரைப் பார்த்தாள். மெஷின் 'ம்ம்' என்று ஓடத் தொடங்கியது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது, அதில் எது என்ன என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"குளிருதாங்க?"

"இல்ல" என்றார், கையை எடுக்காமல். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.